அறிந்தே ஏற்ற ஆபத்தா?

நிலக்கரிச் சுரங்கத்தில் உயிர்ச்சேதம் நேர்ந்த செய்தி வரும்போதெல்லாம் நம்மிடையே ஒரு கருத்து எழுவதுண்டு. "சுரங்க வேலை ஆபத்தானது என்பது யாவருக்கும் தெரியும். தெரிந்தே சென்றவர் இறந்தால் யாரைக் குறை கூறுவது?" இரக்கமற்றவர் மட்டுமல்லர், நல்லவர்களும் இவ்வாறு பேசுகிறார்கள். ஆகவே இக்கூற்றை எளிதில் தள்ளிவிடாமல், உண்மை நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு ஆராய்ந்து பார்ப்போம்.

கனடா நாட்டின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில், பிளிமத் என்னும் சிற்றூரில் 1991-ஆம் ஆண்டு வெஸ்ட்ரே நிலக்கரிச் சுரங்கம் திறக்கப்பட்டது. வேலைவாய்ப்பு அரிதாயிருந்த அப்பகுதி மக்கள் அதை ஆவலோடு வரவேற்றனர். 1992 மே 9 அன்று விடியற்காலையில் அங்கு வெடிப்பு நிகழ்ந்தது. அவ்வேளையில் நிலத்தடியில் பணியிலிருந்த 26 பேரும் மாண்டனர். அவர்களுள் 11 பேரின் உடல்கள் மீட்கப்படவே இல்லை.

நிலக்கரியை வெட்டும்போது அதனுள் அடைபட்டிருக்கும் மீத்தேன் வாயு வெளிப்படும். காற்றில் அதன் அளவு ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை இருக்குமானால், சிறு தீப்பொறியே அதை வெடிக்கச் செய்யும். அவ்வெடிப்பு தரையில் படிந்துள்ள கரித்தூளைக் கிளப்பிவிட்டால், அத்தூளும் தீப்பற்றிச் சுரங்கமெங்கும் பரவும். வெஸ்ட்ரேயில் நிகழ்ந்தது இதுவே.

இதைத் தடுக்கும் வழிகள் புதியவை அல்ல. நல்ல காற்றோட்டத்தால் வாயுவை வெளியேற்ற வேண்டும். அதன் அளவை இடைவிடாது கண்காணிக்க வேண்டும். கரித்தூளை அகற்ற வேண்டும். எஞ்சியதன்மேல் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவித் தீப்பற்றாமல் செய்ய வேண்டும். இவை அனைத்திலும் அங்கே குறை இருந்தது. கரித்தூளை அகற்றுமாறு அரசு ஆய்வாளர் ஏப்ரல் இறுதியில் எழுத்து மூலம் ஆணையிட்டார். அந்த ஆணை நிறைவேற்றப்படவில்லை. நிறைவேறியதா என்று ஆய்வுத் துறையும் உறுதிசெய்துகொள்ளவில்லை. வியப்பு யாதெனில், விபத்துகள் குறைந்த சுரங்கம் என்பதற்கான விருதும் அதே ஏப்ரல் மாதத்தில் இச்சுரங்கத்திற்கு வழங்கப்பட்டது. ஏட்டில் பதிவான காயங்களின் எண்ணிக்கை, திரண்டுவரும் பேராபத்தைக் காட்டவில்லை.

விசாரணை நடத்திய நீதிபதி பீட்டர் ரிச்சர்ட் 1997-இல் தம் அறிக்கையை அளித்தார். இப்பேரிழப்பு முன்கூட்டியே அறியத்தக்கது, தடுக்கத்தக்கது என்பதே அவர் கண்ட முடிவு.

இப்போது நம் வினாவுக்குத் திரும்புவோம். அத்தொழிலாளர் ஏற்றுக்கொண்ட ஆபத்து எது? மண்ணுக்கடியில் வேலை செய்வதில் இயல்பாகவே ஒரு பகுதி ஆபத்து உண்டு. எத்தனை கவனம் எடுத்தாலும் அதை முற்றிலும் அகற்ற இயலாது. அதை அவர்கள் அறிந்தே ஏற்றார்கள் எனலாம். ஆனால் வாரப்படாத தூளும், சீரற்ற காற்றோட்டமும் பாறையின் இயல்பு அல்ல; அவை மனிதர் செய்யாமல் விட்டவை. முதல்வகை ஆபத்துக்குத் தந்த இசைவை இரண்டாம் வகைக்கும் நீட்டுவது நேர்மையாகாது.

அன்றியும், அந்த இசைவு எத்துணை உரிமையோடு தரப்பட்டது? குறைகளை எடுத்துரைத்தோர் மிரட்டலுக்கு ஆளாயினர். சிலர் வேலையை விட்டு விலகினர். குடும்பச் சுமையால் பலர் தங்கினர். 1891-இல் வெளியான 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர், வறுமையின் நெருக்கடியால் ஒருவர் கொடிய நிபந்தனைகளுக்கு இணங்கினால் அவர் அநீதிக்கு இரையானவரே என்று கற்பித்தார். கூலியைக் குறித்து அவர் கூறியது உயிருக்குப் பொருந்தாதா?

"தொழிலாளரும் விதிகளை மீறினார்களே" எனச் சிலர் கேட்கலாம். வெஸ்ட்ரேயிலும் அது நடந்ததுண்டு. ஆயினும் வெட்டிய கரியின் அளவுக்கேற்ப ஊக்கத்தொகை தந்து, பாதுகாப்புக்காக வேலையை நிறுத்துபவரை இகழும் இடத்தில், விதிமீறலை வளர்ப்பவர் யார்? ஆணையிடும் அதிகாரம் எவரிடம் மிகுதியோ, பொறுப்பும் அவரிடமே மிகுதி.

அந்த வெடிப்புக்காக எவரும் நீதிமன்றத்தில் தண்டனை பெறவில்லை. எனினும் இறந்தோரின் குடும்பத்தாரும் தொழிற்சங்கத்தாரும் சோர்ந்துவிடவில்லை. அவர்தம் முயற்சியால் 2004-இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிறரது வேலையை நடத்துவோர் அவர்களுக்குத் தீங்கு நேராதவாறு தக்க நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். தவறும் நிறுவனத்தையும் குற்றவாளியாக்கலாம் என்று அது கூறுகிறது.

செய்த தீமைக்காக வருந்தும் நாம், செய்யத் தவறிய நன்மைக்காகவும் மன்னிப்பு வேண்டுகிறோம். நம்முள் பலர் மேற்பார்வையாளராகவும் சிறு முதலாளிகளாகவும் இருக்கிறோம். நமக்குக் கீழே பணிபுரிபவர் "இது ஆபத்து" என்று சொல்லிக் கருவியைக் கீழே வைத்தால், அன்றைய கூலியும் மறுநாள் வேலையும் அவருக்குக் குறைவின்றிக் கிடைக்குமா? இதற்கு நாம் தரும் விடையை முதலில் நம் பணியிடத்திலேயே சரிபார்ப்போம்.