எத்தனை பேரைப் பின்தொடரலாம்?



மின்சாரமும் இன்றி, பற்றரிக்கும் தடை விதிக்கப்பட்டிருந்த 1990களின் குடாநாட்டை உங்களுள் மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ தந்த மின்னில் வானொலி பேசும். பி.பி.சி. தமிழோசைக்காக அயலே கூடியிருக்கும். கேட்ட ஒரு செய்தியை இரண்டு நாள்கள் மனத்தில் வைத்துப் பேசுவோம்.

இன்றோ, சாவகச்சேரிச் சந்தைக்கு மரக்கறி வாங்க வந்தவரின் சட்டைப்பையில் உலகமே இரைகின்றது. ரொறொன்ரோவில் மருமகளின் பிறந்தநாள், பரிஸில் ஒருவரின் புதுக் கார், நுணாவிலில் ஒரு மரண அறிவித்தல், எங்கோ நடந்த விபத்தின் கோரப் படம், அதன் கீழே ஒரு சமையற் குறிப்பு. பெருவிரல் நகர நகர எல்லாம் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது நியாயமன்று. 2000ஆம் ஆண்டுப் போரில் தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. பிள்ளைகள் நாலு தேசங்களில் சிதறியிருக்கும் தாய்க்கு முகநூல்தான் முற்றம். எனவேதான் கேள்வி கடினமாகின்றது. ஒருவருடைய துயரம் என் கண்ணில் பட்டுவிட்டால் அது என் கடமையாகிவிடுமா? கண்டும் நகர்ந்தால் நான் கல்நெஞ்சனா?

முகநூல் 5000 நண்பர்கள் வரை அனுமதிக்கின்றது. மனிதர் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் ஏறத்தாழ 150 தான் என்று, குரங்கினங்களின் மூளையளவை ஆராய்ந்த பிரித்தானிய அறிஞர் றொபின் டன்பார் 1990களின் தொடக்கத்தில் எழுதினார். அந்த எண்ணை மறுப்போரும் உளர். எண் எதுவாயினும் மனித நெஞ்சுக்கு ஓர் அளவு உண்டு.

புனித அகுஸ்தீனார் இதை முன்பே உணர்ந்தவர். எல்லாரையும் நேசிக்க வேண்டும். ஆனால் எல்லாருக்கும் உதவ எவராலும் முடியாது. ஆகையால் இடத்தாலோ காலத்தாலோ வேறெந்தத் தொடர்பாலோ நமக்கு அருகில் வாய்த்தவரை, சீட்டு விழுந்தாற்போல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து.

நல்ல சமாரியர் உதவியது முன்பின் அறியாதவனுக்கல்லவா என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் அவன் சமாரியர் நடந்த பாதையில் கிடந்தான். அவனுக்குக் காயம் கட்ட அவர் கையில் எண்ணெயும் திராட்சை இரசமும் இருந்தன. கைத்தொலைபேசி காட்டும் பாதையோ, நாம் எதில் அதிக நேரம் தங்குவோம் என்று ஒரு நிறுவனம் கணக்கிட்டு வெட்டிய பாதை. வேட்டைக் காட்சிகளுக்குப் போவதை விட்ட பின்னும், வழியில் ஒரு நாய் முயலைத் துரத்தக் கண்டால் தம் சிந்தை அதன்பின் ஓடிவிடுகிறது என்று அதே அகுஸ்தீனார் எழுதியிருக்கின்றார். எமது திரையில் அந்த நாயும் முயலும் ஓய்வதேயில்லை!

ஆகவே குறைத்துக்கொள்வதில் பாவமில்லை. குறைக்காதிருப்பதில்தான் ஆபத்து. இறந்தவர் யாரென்று சரியாக வாசிக்காமலே “ஆழ்ந்த அனுதாபங்கள்” என்று போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போகின்றோமே, அது செத்தவீட்டுப் படலையில் ஒரு சொல்லை எறிந்துவிட்டு நடப்பதற்குச் சமன்.

நட்பை நீக்காமலே ஒருவரின் பதிவுகளைப் பின்தொடராதிருக்க முகநூலில் வழியுண்டு. அவருக்கு அறிவித்தலும் போகாது. முதலில் காணவேண்டியவையென 30 வரை தெரிந்தெடுக்கலாம். வட்ஸ்அப் குழுக்களின் ஒலியை நிறுத்தி வைக்கலாம். நண்பர் என்று வைத்துக்கொண்டே மறைவாக விலகுவது கபடமல்லவா என்பார் சிலர். எல்லாவற்றையும் பார்த்தவர்போல் விருப்பக்குறி இடுவதே அதைவிடப் பெரிய கபடம். கனடாவிலுள்ள தமையன் மகனை ஒரு ஞாயிறு பின்னேரம் அழைத்து, “தம்பி, உன்ரை படங்கள் ஒண்டும் நான் பாக்கேல்லை. எப்பிடி இருக்கிறாய், சொல்லு” என்று கேட்டுப் பாருங்கள். அவனுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.