ஒத்திக்கு வீடு பிடிக்கலாமா?

சென்னையில் குடியிருக்க வீடு தேடிப் புறப்படும் நடுத்தரக் குடும்பத்தார் இன்று இரண்டு வாசல்களுக்கு முன்னே நிற்கிறார்கள். ஒன்று மாத வாடகை. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, சிலருக்குப் பாதி, முதல் வாரத்திலேயே கையை விட்டுப் போய்விடும். மற்றது ‘லீசு’. தென்மாவட்டங்களில் ஒத்தி என்றும் வேறு பக்கங்களில் போக்கியம் என்றும் சொல்வது இதைத்தான். வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் இரண்டு வருடமோ மூன்று வருடமோ வாடகையே கிடையாது. கெடு முடிந்ததும் கொடுத்த பணம் ஒரு காசு குறையாமல் திரும்பி வரும். நகையை விற்றோ, ஊரிலுள்ள நிலத்தை விற்றோ, வளைகுடாவிலிருந்து பிள்ளை அனுப்பியதைச் சேர்த்துவைத்தோ இந்த இரண்டாவது வாசலில் நுழைகிறவர்கள் நம் மஹல்லாக்களில் ஏராளம். அவர்களில் பலர் வங்கி வட்டியைத் தொடவே அஞ்சுகிற நல்ல மனிதர்கள்.

இது கூடுமா? உலமாக்களிடம் கேட்டால் கூடாது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஆனால் உள்ளம் ஏற்பதில்லை. ஏற்காததற்குக் காரணம் இருக்கிறது. அதை அலட்சியம் செய்துவிட்டு வெறும் ஃபத்வாவை மட்டும் சொல்வது போதாது என்று கருதுகிறேன்.

வட்டி வாங்குபவன் என்றதும் நம் கண் முன்னே தோன்றுபவன் யார்? ஏழையின் தாலியையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போகும் பணக்காரன். இங்கேயோ கதை தலைகீழாக இருக்கிறது. பணம் கொடுத்தவர் வீடில்லாதவர். வாங்கியவர் மாடி வீட்டுக்குச் சொந்தக்காரர். வாடகை கொடுக்க வழியில்லாமல் மனைவியின் நகையை விற்ற மனிதரைப் பார்த்து, நீர் வட்டி உண்கிறீர் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

ஆயினும் கணக்கைப் பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் வாடகை பெறக்கூடிய வீடு ஒன்றை 10 லட்சத்துக்கு மூன்று வருடம் ஒத்திக்குப் பிடிக்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருட வாடகை 5,40,000. அதை அவர் கொடுக்கவில்லை. பின்னர் 10 லட்சமும் திரும்புகிறது. அப்படியானால் அந்த 5,40,000 எதற்குப் பகரமாக அவருக்குக் கிடைத்தது? வீட்டுக்காரருக்கு அவர் உழைத்துக் கொடுத்தாரா, பொருள் விற்றாரா? இல்லை. கடன் கொடுத்தார். கடனுக்குக் கிடைத்த பலன் ரூபாய் நோட்டாக வராமல் கூரையாக வந்திருக்கிறது, அவ்வளவே.

கடனுக்கு அடகு வைப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. சூரத்துல் பகராவின் 283ஆம் ஆயத் அதற்கு அனுமதி தருகிறது. நபி (ஸல்) அவர்களே தம் கவச உடையை ஒரு யூதரிடம் அடகு வைத்து வாற்கோதுமை வாங்கியிருந்தார்கள் என்பதை புகாரியில் காண்கிறோம். அடகு என்பது கடன் திரும்பி வரும் என்பதற்கான பிடிமானம். அதிலிருந்து பலன் அனுபவிப்பது வேறு விஷயம். அடகு வைத்த பிராணிக்குத் தீனி போடுகிறவர் அந்தச் செலவுக்கு ஈடாக அதில் ஏறிச் செல்லலாம், பால் கறந்து குடிக்கலாம் என்று வரும் ஹதீஸைச் சிலர் இங்கே எடுத்துக் காட்டுவார்கள். அந்த ஹதீஸை அதன் வெளிப்படையான பொருளிலேயே எடுத்த இமாம் அஹ்மது (ரஹ்) அவர்களின் மத்ஹபிலும் தீனிச் செலவின் அளவுக்குத்தான் அனுமதி. வீடு புல் தின்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிக்கும் செலவு மூன்று வருட வாடகைக்கு ஈடாகாது.

நம் கடற்கரையூர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோரும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் மிகுதி. ஒத்தி விஷயத்தில் இவ்விரு சாராருக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. கடன் கொடுக்கும்போதே நிபந்தனையாக்கப்பட்ட பலன் ரிபாதான் என்பதில் இமாம்கள் ஒன்றுபட்டிருக்கிறார்கள். ஸஹாபியான அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வந்த அபூபுர்தா (ரஹ்) அவர்களிடம், கடன்பட்டவன் ஒரு சுமை வைக்கோலையோ தீவனத்தையோ அன்பளிப்பாகத் தந்தால்கூட வாங்காதீர், அது ரிபாவாகும் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். வைக்கோலுக்கே அந்தப் பேணுதல் என்றால், மூன்று அறை வீட்டுக்கு?

வழி தேடியவர்களும் வரலாற்றில் உண்டு. மத்திய ஆசியாவில் புகாரா, பல்க் போன்ற நகரங்களில் கடன் கிடைக்காமல் மக்கள் தவித்த காலத்தில், ‘பைஉல் வஃபா’ என்ற முறைக்கு ஹனஃபி அறிஞர்களில் ஒரு சாரார் அனுமதி தந்தார்கள். பணம் திரும்பத் தரும்போது பொருளும் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு செய்யும் விற்பனை அது. 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானியரின் ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பிலும் அது இடம் பெற்றது. நெருக்கடியில் இருந்த மக்கள்மீது அவர்கள் கொண்ட இரக்கத்தை நாம் குறை சொல்லக் கூடாது. ஆனால் 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி அதைப் பரிசீலித்து, இது பலன் தரும் கடனே, கூடாது என்று தீர்மானித்தது.

நம்மவர்களும் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறார்கள். 10 லட்சமும் கொடுத்து, பெயருக்கு மாதம் 500 ரூபாய் வாடகையும் கொடுப்பது. இது வாடகை வீடுதானே என்று கேட்பார்கள். 15,000 பெறும் வீட்டை 500க்கு விட அந்த வீட்டுக்காரர் என்ன, இவருக்கு மாமனாரா? மனிதரிடம் காட்டும் ரசீதை அல்லாஹ்விடமும் காட்ட நினைப்பது நல்லதல்ல.

இருவரும் மனமொப்பித்தானே செய்கிறோம் என்பது அடுத்த வாதம். வட்டிக் கடையிலும் மனமொப்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். நாட்டின் சட்டம் அனுமதிக்கிறதே என்றால், உண்மைதான். 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டம் ஒத்தியை அடமானத்தின் ஒரு வகையாகவே ஏற்கிறது. சட்டமே இதை அடமானம், அதாவது கடன் என்றுதான் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள்! அந்தச் சட்டப்படி 100 ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்யவும் வேண்டும். நம்மவர்களோ முத்திரைத்தாளில் நான்கு வரி எழுதி வாங்கிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். வீட்டின் பேரில் வங்கிக் கடன் இருந்து அது ஏலத்துக்கு வரும்போதுதான் கண் திறக்கிறது. தென்கொரியாவிலும் ‘ஜொன்செ’ என்று இதே முறை உண்டு. அங்கே கொடுத்த பணத்தை இழந்தவர்கள் பெருகி, 2023இல் அவர்களுக்காகத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

சரி, வாடகை கொடுக்க முடியாதவர் தெருவில் நிற்பதா? இந்தக் கேள்வியை வீட்டுக்காரர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். பதினொரு மாதம் முடிந்தவுடன் வாடகையைக் கூட்டுகிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கித் தம் வியாபாரத்தில் போட்டுக்கொள்கிறார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த ‘ஒழிய’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்து மாதம் கேட்பது சட்டத்துக்குப் பொருந்தலாம். வீடில்லாதவனின் முடையைப் பயன்படுத்துவது இஹ்ஸான் ஆகுமா?

மொத்தப் பணம் தேவைப்படும் வீட்டுக்காரருக்கும், மாதச் சுமை குறைய வேண்டிய குடித்தனக்காரருக்கும் ஹலாலான வழி இல்லாமல் இல்லை. வாடகையை முன்கூட்டியே வாங்குவதை ஃபிக்ஹு அனுமதிக்கிறது. மூன்று வருட வாடகையை மொத்தமாகக் கொடுத்தால் 15,000க்குப் பதில் 12,000 என்று பேசிக்கொள்ளலாம். 4,32,000 கைமாறும். அது வாடகை, கடனல்ல. மாதந்தோறும் கழியும், முடிவில் திரும்பி வராது. இடையில் காலி செய்தால் மீதி மாதங்களுக்கு உரியது திரும்ப வரும் என்றும் எழுதிக்கொள்ளலாம். ஒத்தியைவிட இதில் செலவு அதிகம், மறுக்கவில்லை. 10 லட்சம் திரட்ட முடிந்தவருக்கு இது இயலாததன்று. அதுவும் இயலாத எளியவருக்கு, நிசாப் உடைய ஜமாஅத்தாரின் ஜகாத்திலும் பைத்துல்மாலிலும் பங்கு இருக்கிறது.

ஜகாத் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒத்திக்குக் கொடுத்த 10 லட்சம் திரும்பி வரும் கடன். நிசாபை எட்டிய அந்தத் தொகைக்கு வருடம் 25,000 ரூபாய் ஜகாத் கணக்காகும். எத்தனை பேர் அதைக் கணக்கில் சேர்த்தார்கள்?

ஏற்கனவே ஒத்தி வீட்டில் இருப்போர் இன்றே பெட்டியைக் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து பேசி, அதே தெருவில் அத்தகைய வீட்டுக்கு என்ன வாடகை நடக்கிறதோ அதை விசாரித்து, இந்த மாதம் முதல் கொடுக்கத் தொடங்கலாம். கையில் ரொக்கமாக இல்லையென்றால், வீட்டுக்காரரிடம் உள்ள தங்கள் பணத்திலிருந்தே மாதாமாதம் கழித்துக்கொள்ளச் சொல்லி, அதை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக் கொள்ளலாம்.