நெடும்பணியிற் சோர்வின்மை



ஆலயத் திருப்பணியைத் தொடங்குதல் எளிது, முடித்தல் அரிது. பாலாலயஞ் செய்த நாளிற் கூடிய கூட்டம் கும்பாபிடேக நாளில் மீளவுங் கூடும். இவ்விரு நாட்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் உளியுஞ் சாந்தும் ஏந்தி நிற்பார் சிலரே. அவருள்ளந் தளராமற் காப்பது எங்ஙனம் என்பதே, திருப்பணி மேற்கொள்ளும் மடாலயத்தார்க்கு முதற்கண் எழவேண்டிய வினாவாகும். அதற்கு விடை நந்தொண்டை நாட்டிலேயே உளது.

திருநின்றவூர் முன்னாளிற் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தின்கண் உள்ளது. அவ்வூர்ப் பூசலார் நாயனார் சிவபெருமானுக்கு ஆலயம் எடுக்க விரும்பிப் பலவிடத்தும் பொருள் தேடினார், கிடைத்திலது. அதன்பின் மனத்தின்கண்ணே பொருளுங் கருவிகளுந் தச்சரும் ஈட்டி, நன்னாளில் தொடங்கி, இரவிலுங் கண்துயிலாது, அடிமுதற் சிகரம்வரை முறையே அமைத்து, கிணறுங் குளமும் மதிலும் வகுத்து, தாபனத்திற்கு நாளுங் குறித்தார். அந்நாளே காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோனுங் குறித்த நாளாயிற்று. இறைவன் அரசன் கனவிற்றோன்றி, அன்பன் ஆலயத்துள் யாம் புகுவோம், நின் செயலைப் பின்னர்க் கொள்க எனப் பணித்தருளினான் என்பது சேக்கிழார் திருவாக்காற் பெறப்படும்.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கன இரண்டு. மனத்தாற் கட்டுவார்க்கு ஒரு நொடியிற் கோயிலை முடித்தல் அரிதன்று. நாயனார் அவ்வாறு செய்திலர். ஒவ்வொரு படையையும் முறைப்படி வைத்து நெடுநாட் பணிசெய்தார். ஆதலின் காலத்தின் நீட்சி பணிக்கு இடையூறன்று. அதுவே வழிபாடு என்க. இனி, பொருள் இல்லாதபோது அவர் பிறரை வருந்தி உழைக்க அழைத்திலர். தம் குறையைத் தம் மனத்தளவிலேயே தாங்கினார்.

அக்காடவர்கோன் காஞ்சிக் கயிலாயநாதர் கோயிலை எடுத்த இராசசிம்ம பல்லவனே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் அவன் திருப்பணியே. அக்கடற்கரைக்குச் சென்று நோக்குவார்க்கு நெடும்பணியின் இயல்பு கல்லிலேயே விளங்கும். அங்கு முற்றுப்பெறாத குடைவரைகள் பல. அவற்றுள், பாறையிற் கட்டங் கட்டமாகப் பள்ளம் வெட்டி, இடையில் நின்ற மேடுகளைத் தட்டி நீக்கிய சுவடுகள் இன்றுங் காணப்படும். மலையனைய பாறையும் கட்டமாகப் பகுக்கப்பட்டபோது ஒருவன் கைக்கு அடங்கிய வேலையாயிற்று. இன்று இவ்வளவு முடித்தேன் என்று அவன் மனநிறைவோடு செல்லவும் இடமாயிற்று.

தருமராச இரதத்தையுங் காண்க. பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கியமையின், அதன் மேனிலை முற்றியிருப்ப, அடிநிலை முற்றாது நிற்கின்றது. ஆயினும் மேனிலைக் கருவறையிற் சோமாஸ்கந்தப் பெருமான் எழுந்தருளியுள்ளார். எடுத்த பகுதியை நிறைவாகச் செய்து மேற்செல்வாரது உழைப்பு, பணி இடையில் நின்றவழியும் பாழ்படாது என்பதற்கு இதுவே சான்று.

மாமல்லபுரத்தையடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறைமீது பழைய எழுத்துக்களிற் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் முதலியோர். இவர்களைப் பல்லவர் காலத்துச் சிற்பப் பணியாளர் என்பர் அறிஞர். பெருந்தச்சனொடு கொல்லன் பெயரும் நிற்றல் கருதத்தக்கது. கருங்கல்லில் உளி விரைந்து மழுங்கும். அதனை உலையிற் காய்ச்சி அடித்துக் கூராக்குவான் இலனேல், எத்துணைச் சிறந்த சிற்பியுங் கைகட்டி நிற்க நேரும். அவன் தொழில் சிலையிற் புலப்படாது. பெயரோ பாறையிற் புலப்படுகின்றது.

இவற்றாற் பெறப்படுவது யாது? உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் சித்தாந்தத் துணிபு. பணியை நடத்துவான் புகழைச் சார்ந்து நிற்பின், பணியாளன் கூலியையே சார்ந்து நிற்பன்; நாள் நீளுந்தோறும் இருவரும் சலிப்பர். நடத்துவான் இறைபணி நிற்பனேல், அவனைச் சார்ந்தாரும் மெல்ல அவ்வண்ணமாவர். சோர்வு பணியின் நீளத்தால் வருவதன்று. சார்பின் குறையால் வருவது.

இவ்வுண்மையைக் கருவியாகக் கொண்டு, “சிவபணிதானே” எனக் கூறிக் கூலியைக் குறைப்பாரும் உளர். அது சிவாபராதமாம். பொருளின்றி ஆளழையாத பூசலார் வழியும் அதுவன்று. ஆதலின் திருப்பணி நடத்துவோர் கூலியை நாள் தவறாது கொடுக்க. நெடும்பணியைச் சிறுசிறு எல்லைகளாக வகுத்து, ஒவ்வோர் எல்லையும் நிறைவுறும்போது பணியாளரை முன்னிறுத்தி வழிபாடு செய்க. நாடோறும் பணியிடஞ் சென்று, கொத்தனையுஞ் சிற்றாளையும் பெயர்சொல்லி அழைத்து நலம் வினவுக. முதுசிற்பியின் அருகில் இளைஞனை இருத்துக. தன் கைத்தொழில் தன்னோடு ஒழியாது என்று காணும் முதியவன் சலியான். கும்பாபிடேக நாளிற் பரிவட்டம் முதற்கண் அப்பணியாளர்க்கு உரியதாகுக.

திருநின்றவூர் இருதயாலீசுவரர் கருவறையுள் இறைவனருகே பூசலார் திருவுருவம் இன்றும் விளங்குகின்றது. பணி செய்தாரைத் தன்னருகே வைத்துக்கொள்ளுதல் இறைவன் இயல்பு. அவன் திருப்பணியை ஏற்றார்க்கும் அதுவே இயல்பாதல் வேண்டும்.

சிவம்.