தாத்தன் கொன்றான், பேரன் செத்தான்

தக்கோலப் போரைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேச்செடுத்தால் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். "தாத்தன் யானைமேல பாய்ஞ்சு கொன்னான், பேரன் யானைமேலயே செத்தான். வினை விடுமா?" நெமிலியிலிருந்து அரக்கோணம் தாண்டினால் தக்கோலம். பிரதோஷத்துக்கு அங்கே ஜலநாதீசுவரர் கோயிலுக்குப் போகும்போது இதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்களின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும், வரவும் செலவும் நேராகிவிட்டது போல. ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்கு இந்தக் கணக்கு ஒப்பவே இல்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 880 வாக்கில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருப்புறம்பியத்தில் பெரும் போர் மூண்டது. ஒரு பக்கம் வரகுண பாண்டியன். எதிரே பல்லவன் அபராஜிதன், அவனுக்குத் துணையாகக் கங்க அரசன் முதலாம் பிருதிவீபதி, பல்லவனுக்கு அடங்கியிருந்த ஆதித்த சோழன். வென்றது பல்லவர் தரப்பு. பிருதிவீபதி களத்திலேயே விழுந்தான். தன் உயிரைக் கொடுத்து நண்பனுக்கு வெற்றி தேடித் தந்தான் என்று அவனைப் புகழ்கிற செப்பேடு எங்கோ கிடைக்கவில்லை, வாணியம்பாடிக்குப் பக்கத்து உதயேந்திரத்தில்தான் கிடைத்தது. பாண்டியன் ஒடுங்கினான், பல்லவனும் தளர்ந்தான். பலனெல்லாம் மூன்றாமவனான சோழனுக்கு. சில ஆண்டுகளில் ஆதித்தன் தன் மேலாளனான அபராஜிதனையே கொன்று தொண்டை மண்டலத்தை எடுத்துக்கொண்டான். திருவாலங்காட்டுச் செப்பேடு இதை மறைக்கவில்லை. யானைமேலிருந்த பல்லவன்மீது பாய்ந்து கொன்றான் என்று கன்னியாகுமரிக் கல்வெட்டு பெருமையாகவே சொல்கிறது. சோழப் பேரரசின் அஸ்திவாரம் இது. எங்கள் ஊர் சோழ நாடானதும் இப்படித்தான்.

949-ல் தக்கோலம். ஆதித்தனின் பேரன், பராந்தகனின் மகன் ராஜாதித்தன், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனை எதிர்த்து நின்று யானைமேலேயே உயிர் விட்டான். 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்ற பெயர் அவனுக்கு நின்றது. 2025-ல் தக்கோலத்து மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைப் பயிற்சி மையத்துக்கும் அவன் பெயரையே வைத்தார்கள். தோற்றவனுக்குக் கிடைத்த இந்த மரியாதையில் எனக்கு உண்மையான சந்தோஷம் உண்டு.

ஆக, இரண்டு யானை, இரண்டு சாவு. ஊர் போடுகிற கணக்குக்கு சாஸ்திரத்திலும் இடம் இருக்கிறது. செய்த அதர்மம் செய்தவனிடம் பலிக்காவிட்டால் மகனிடம் பலிக்கும், மகனிடம் இல்லையென்றால் பேரனிடம் பலிக்கும் என்று மனு ஸ்மிருதி சொல்கிறது. நான் வளர்ந்த சைவம் அப்படிச் சொல்லவில்லை. வினை சடம், அதற்கு அறிவு கிடையாது, செய்தவனைத் தேடிப் போய்த் தானாக ஒட்டத் தெரியாது. அதை அந்தந்த உயிருக்குக் கூட்டிவைக்க ஒரு இறைவன் வேண்டும் என்பதுதான் சித்தாந்தத்தின் வாதமே. அந்த இறைவன் ஆதித்தனின் வினையை ராஜாதித்தன்மேல் சுமத்தினான் என்றால் விலாசம் மாற்றிக் கொடுத்தான் என்றாகிவிடும். அப்படிப்பட்ட ஒரு கடவுளை நான் கும்பிட மாட்டேன். காவிரியின் இரு கரையிலும் ஆதித்தன் சிவனுக்குக் கற்றளி எடுத்தான் என்கிறது அன்பில் செப்பேடு. அவன் வினை அவனோடும் சிவனோடும் தீர வேண்டிய விஷயம்.

இன்னொன்றும் இருக்கிறது. வினை என்று முடித்துவிட்டால் கொன்றவன் காணாமல் போய்விடுகிறான். கொன்றவன் யார் என்பது கல்லிலேயே இருக்கிறது. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்து, இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிற நடுகல் அது. ராஜாதித்தனைக் கொன்றவன் மேலைக் கங்கன் இரண்டாம் பூதுகன் என்றும், அதற்காகக் கிருஷ்ணன் அவனுக்கு வனவாசி பன்னீராயிரம் முதலான நாடுகளைக் கொடுத்தான் என்றும் அது சொல்கிறது. பூதுகனின் வீரன் மணலேரன் நாடு எதுவும் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த நாய் ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. கல்லின் தலைப்பில் நாயும் பன்றியும் கட்டிப் புரள்கிற சிற்பம். அதற்குப் பூசை செய்யாமல் சாப்பிடுகிற பூசாரிக்குப் பாவம் சேரும் என்றும் வெட்டியிருக்கிறார்கள். ஒரு நாயின் சாவுக்குக்கூடப் பொறுப்பாளியை நிறுத்தி வைத்த கல் அது. நாமோ ஒரு இளவரசனின் சாவுக்கு அவன் தாத்தனைக் கைகாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

இது பழங்கதை என்றால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவு தேக்கிவைத்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் படுத்திருந்த 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்று டீக்கடையில் என் காதில் விழுந்தது: "யார் செஞ்ச பாவமோ, இதுங்க தலையில விடிஞ்சுது." இரக்கத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் சுவருக்கு யார் பொறுப்பு, அளவுக்கு மேல் யார் தேக்கினார்கள் என்ற கேள்வி அந்த ஒரு வார்த்தையோடு அங்கேயே அணைந்துபோனது. செத்தவர்களுடைய ஊரில் அவர்களின் தாத்தன்கள் என்ன செய்தார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்?

முன்னோரிடமிருந்து நமக்கு எதுவுமே வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. வினை வராது, கடன் வரும். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்பதைப் பேரன்தான் முடிவு செய்கிறான். திருப்புறம்பியத்தில் விழுந்த பிருதிவீபதிக்கும் ஒரு பேரன் இருந்தான், அதே பெயர்க்காரன். தாத்தன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய பல்லவனைக் கொன்றவன் ஆதித்தன். அந்த வழியில் பேரனுக்குப் பகை பாக்கி இருந்தது. அவன் அதை வசூலிக்கவில்லை. ஆதித்தன் ஆட்சியிலேயே தக்கோலம் கோயிலுக்கு ஒரு வெள்ளிப் பாத்திரம் கொடுத்தான். பின்னால் பராந்தகனுக்குத் துணையாகப் போரிட்டு வாணர் தலைவன் என்ற பட்டமும் பெற்றான். சோளிங்கர் கல்வெட்டில் அது இருக்கிறது. ரத்தத்தில் வினை ஓடுவது நிஜமானால் இவன் கதை வேறு மாதிரி முடிந்திருக்க வேண்டும்.

ரத்த உறவே இல்லாத ஒருவனையும் சொல்ல வேண்டும். ராஜாதித்தனின் நண்பன், கேரளத்தான், கற்றவன். படைத்தலைவன் வெள்ளங்குமரனும் இவனும் ஒருவரே என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். தலைவன் சாகும்போது பக்கத்தில் நின்று தானும் சாகவில்லையே என்ற நோவு அவனை விடவில்லை. கங்கையில் மூழ்கினான், துறவு கொண்டான், திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு மடத்துக்குத் தலைவரானான். தக்கோலத்துக்கு அவன் காரணம் இல்லை, யாரும் அவன்மேல் பழி சொல்லவும் இல்லை. கடன் என்று அவனே எடுத்துக்கொண்டான். அவன் திருவொற்றியூர் இறைவனுக்கு 100 நிஷ்கம் பொன் வைத்ததையும், ராஜாதித்தனுக்காகத் துறவியானதையும் சொல்கிற கல்வெட்டு, ராஜாதித்தனை வென்ற அதே கிருஷ்ணனின் 20ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. வென்றவன் பெயரைத் தேதியாகப் போட்டு, தோற்றவனுக்கான துக்கத்தை அதே கல்லில் எழுதியிருக்கிறார்கள்.