காலங்கடந்து கட்டும் கடன்

அநீதி நடந்த காலத்தில் வாய் திறவாதிருந்த ஒருவர், பல ஆண்டுகள் கழித்துப் பொதுவெளியில் அதனைக் கண்டித்துப் பேசுவாரானால் அப்பேச்சுக்கு மதிப்பு உண்டா என்னும் வினா, இனவெறி பற்றிய விவாதங்களில் மீண்டும் மீண்டும் எழுகிறது. இனவெறி என்பது, பிறப்பால் அமைந்த நிறத்தையோ மரபையோ அளவுகோலாகக் கொண்டு மனிதரை மேல், கீழ் என அடுக்கி, அந்த அடுக்கின்படியே உரிமையையும் மதிப்பையும் பங்கிடும் மனப்பான்மையையும், அம்மனப்பான்மையைத் தாங்கி நிற்கும் சமூக ஏற்பாட்டையும் குறிக்கும். இவ்வினாவில் நெடுங்காலம் தடுமாறிய ஒரு மனம் தெளிவடைந்த வழியைப் பதிவு செய்யும் பொருட்டு, கீழ்வரும் உரையாடல் குருவும் சீடனும் பேசுவதாக அமைக்கப்பட்டுள்ளது.

சீடன்: ஐயா, மேற்கிந்தியத் தீவுகளின் புகழ்பெற்ற வேகப்பந்து வீச்சாளர் மைக்கேல் ஹோல்டிங், 2020 ஜூலை 8ஆம் நாள், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மழையால் டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டம் தொடங்கத் தாமதமான வேளையில், தொலைக்காட்சி நேரலையில் இனவெறியைப் பற்றிப் பேசியதைப் பலரும் போற்றுகின்றனர். அப்போது அவருக்கு வயது 66. ஜமைக்காவை விட்டு வெளியே சென்ற ஒவ்வொரு முறையும் இனவெறியைச் சந்தித்ததாகவும், இது தம் வாழ்க்கை அல்ல, விரைவில் ஊர் திரும்பிவிடலாம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதாகவும் அவரே கூறியிருக்கிறார். இளமையிலேயே பேசியிருந்தால் வர்ணனையாளர் பணி இத்தனை காலம் நீடித்திராது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவ்வாறாயின், இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லாத வயதில், அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவல்துறையினரால் கொல்லப்பட்டு உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாள்களில் சொல்லப்பட்ட சொல்லை அறச்சொல் என்று கொள்வது எவ்வாறு?

குரு: தமிழில் கடன் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கைமாற்றாக வாங்கித் திருப்பித் தர வேண்டிய பொருளும் கடன். செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் இளைஞனுக்கும் உரிய கடன்களைப் பொன்முடியார் வரிசைப்படுத்தும் 312ஆம் புறநானூற்றுப் பாடலில் அச்சொல் கடமையையே குறிக்கிறது. இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் தங்கியிருப்பது தற்செயல் ஆகாது. செய்யத் தவறிய கடமை கரைந்து போவதில்லை. அது வாங்கிய கடனாக மாறி வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கிறது. காலங்கடந்து பேசுபவர் கொடை வழங்க வந்தவர் அல்லர், கடன் கட்ட வந்தவர். கடன் கட்டியவருக்கு மாலை சூட்ட வேண்டியதில்லை. அதே வேளையில், தாமதமாகக் கொண்டுவந்தார் என்பதற்காக அவர் நீட்டும் பணத்தைச் செல்லாது என்று எவரும் தள்ளுவதும் இல்லை. உன் ஐயம், கட்டுபவரின் பெருமையைப் பற்றியதா, கட்டப்படும் தொகையின் மெய்ம்மையைப் பற்றியதா என்று முதலில் பிரித்துக்கொள்.

சீடன்: ஹோல்டிங் தம் பந்தாலேயே பதில் சொல்லிவிட்டார் அல்லவா? 1976இல், தென்னாப்பிரிக்காவில் பிறந்த வெள்ளையரான இங்கிலாந்து அணித் தலைவர் டோனி கிரெய்க், மேற்கிந்தியர்களைக் காலில் விழவைக்கப் போவதாகச் சொன்னபோது, ஓவல் மைதானத்தில் ஹோல்டிங் 149 ஓட்டங்களுக்கு 14 விக்கெட்டுகளை வீழ்த்தினாரே?

குரு: அது ஆட்டக்களத்தின் பதில், அதன் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வீழ்ந்த விக்கெட் ஒருவருடைய இறுமாப்பைத்தான் வீழ்த்தும். அந்த இறுமாப்பை விளைவித்த பள்ளிப் பாடத்தை அது திருத்தாது. ஹோல்டிங் சவுத்தாம்ப்டனில் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே என்பதைப் பேச்சைப் புகழ்வோர் பலரும் கவனிப்பதில்லை. மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் எடிசன் என்று பள்ளியில் கற்றதையும், அவ்விளக்கு நின்று எரிவதற்கான கரி இழையைத் தந்த லூயிஸ் ஹோவர்ட் லாட்டிமர் என்னும் கறுப்பினத்தவரின் பெயரை ஒருவரும் கற்பிக்காததையும் அவர் சுட்டினார். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பெற்றோருக்கு 1848இல் பிறந்த லாட்டிமர், கரி இழைகளைச் செய்யும் முறைக்கு 1882இல் காப்புரிமை பெற்றவர். கரி இழை அவருக்கு முன்பே இருந்தது, அவர் செய்தது அதன் உற்பத்தி முறையைச் செம்மைப்படுத்தியது என்று நுணுக்கமாகத் திருத்துவோர் திருத்தலாம். பாடநூல் அவரை விட்டுவிட்டது என்னும் உண்மை அதனால் மாறாது. தனி ஒருவரின் வெறுப்பு இன்றியே, பாடத்திட்டம், வேலைவாய்ப்பு, சட்ட நடைமுறை ஆகியவற்றின் வழியே தானாக இயங்கும் இத்தகைய இனவெறியை நிறுவனமயமான இனவெறி என்பர். அது பேசாமையாலேயே பிழைத்திருப்பது. எனவே அதற்கு எதிரான முதற்செயல் பேசுவதாகத்தான் இருக்க முடியும்.

சீடன்: விளையாட்டு வீரர் விளையாட்டோடு நின்றால் போதாதா? பேசுவதால் பகை வளராதா?

குரு: வீரரும் குடிமகனே, பகை அவர் பேசுவதற்கு முன்பே இருந்தது. இவ்விரு வினாக்களுக்கும் இதற்கு மேல் விடை வேண்டியதில்லை. உன் முதல் ஐயத்துக்கே திரும்புவோம், ஏனெனில் அதுவே உண்மையான ஐயம்.

பாதுகாப்பான காலத்தில் பேசுவது எளிது என்கிறாய். எளிதுதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வந்தது? 2016இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக், கறுப்பினத்தவர் மீதான காவல்துறை வன்முறையை எதிர்த்து, தேசிய கீதம் ஒலிக்கும்போது முழந்தாளிட்டார். அந்த ஆட்டப் பருவத்துக்குப் பின் எந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நான்கே ஆண்டுகளில், சவுத்தாம்ப்டனில் இங்கிலாந்து, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய இரு அணி வீரர்களும் நடுவர்களும் அவ்வாறே முழந்தாளிட்டபோது ஒருவருக்கும் வேலை போகவில்லை. முன்னவர் வேலையை விலையாகக் கொடுத்துப் போட்ட பாதையில் பின்னவர்கள் நடந்தார்கள் என்பதே இதன் பொருள். ஆகவே பாதுகாப்பான காலத்தில் பேசுபவருடைய கணக்கில் இரண்டு கடன்கள் ஏறுகின்றன: பேச வேண்டிய நாளில் பேசாத பழைய கடன் ஒன்று, பிறர் இழப்பால் கிடைத்த பாதுகாப்பைப் பயன்படுத்திக்கொண்ட புதிய கடன் மற்றொன்று. பாதுகாப்பு வந்துவிட்டது, இனிப் பேசிப் பயனில்லை என்று ஒருவர் ஒதுங்குவாராயின், அவர் பழைய கடனைக் கட்டாததோடு புதிய கடனையும் வாங்கிக்கொண்டு போகிறார். உன் வாதம் காலங்கடந்து பேசுபவரைக் கடிந்துகொள்வது போலத் தோன்றினாலும், முடிவில் ஒருபோதும் பேசாதவருக்கே புகலிடம் அளிக்கிறது என்பதைக் காண்பாயாக. தாமதம் இழிவென்றால் மௌனத்தையே தொடர்வது மேல் என்று அது அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

இனி, எல்லா மௌனமும் கடன் அன்று என்பதையும் தெளிய வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்ட் ஆடிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் மகாயா ந்தினி. 1998இல் தொடங்கி 101 டெஸ்ட்டுகளில் 390 விக்கெட்டுகளை வீழ்த்திய அவர், ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, அதே 2020 ஜூலையில், தம் அணி வாழ்க்கையைப் பற்றிப் பேசினார். இரவு உணவுக்குப் போகும்போது அவருடைய அறைக் கதவை எவரும் தட்டுவதில்லை. பேருந்தில் அவர் பின்னால் அமர்ந்தால் மற்றவர்கள் முன்னால் போய் அமர்வார்கள். எனவே பையை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, விடுதியிலிருந்து மைதானத்துக்கும் மைதானத்திலிருந்து விடுதிக்கும் அவர் ஓடியே சென்றார். உடற்பயிற்சி என்று நினைத்தார்கள். அவர் ஓடியது தனிமையிலிருந்து. ந்தினியின் மௌனம் கடனா? கந்துவட்டிக்காரன் மிரட்டிக் கைநாட்டு வாங்கிய பத்திரத்தை எந்த அறமன்றமும் கடன் என்று ஏற்காது. பாதிக்கப்பட்டவரின் மௌனம் அத்தகையது. அது அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அப்பேருந்தில் உடன் பயணம் செய்து, பின்னிருக்கை காலியாகக் கிடப்பதைப் பார்த்தும் காரணம் கேளாதிருந்தவருடைய மௌனமே கடன். இவ்வேறுபாட்டைக் காணாமல், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று ந்தினியைக் கேட்பவர், கடன்பட்டவரை விட்டுவிட்டுக் கொள்ளை கொடுத்தவரிடம் வசூலுக்குச் செல்கிறார்.

சீடன்: அப்படியானால் ஹோல்டிங்கும் பாதிக்கப்பட்டவரே, அவருக்கும் கடன் இல்லை என்று ஆகிறதே?

குரு: இளம் வீரராக அவர் காத்த மௌனத்துக்குக் கடன் இல்லை. பெயரும் ஒலிவாங்கியும் கைக்கு வந்த பின் காத்த மௌனத்தில் ஓரளவு உண்டு. பேசும் ஆற்றல் வளர வளரக் கடனும் வளரும். ஏதுமற்றவரிடம் எவரும் வசூலிப்பதில்லை. ஆயினும் அவர்மீது கணக்கெழுத அவசரப்படுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சவுத்தாம்ப்டன் பேச்சுக்கு மறுநாள் மற்றொரு நேரலையில், தந்தையின் நிறம் மிகக் கறுப்பு என்பதற்காகத் தாயின் குடும்பத்தார் தாயோடு பேசுவதையே நிறுத்திவிட்டதைச் சொல்ல முற்பட்டபோது அவர் அழுதார். அதன்பின் 2021இல், பல நாட்டு விளையாட்டு வீரர்களோடு உரையாடி ஒரு நூலும் எழுதினார். அசலைக் கட்டியவர் வட்டியையும் கட்டத் தொடங்கினார் என்று இதனைக் கொள்ளலாம்.

கடினமான எடுத்துக்காட்டு மைக்கேல் ஜோர்டான். 1990இல், அவர் வளர்ந்த வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரின் முதல் கறுப்பின மேயராக இருந்த ஹார்வி கான்ட், மார்ட்டின் லூதர் கிங் பெயரால் அமைந்த தேசிய விடுமுறையை எதிர்த்துப் போராடிய குடியரசுக் கட்சியின் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸை எதிர்த்து மேலவைத் தேர்தலில் நின்றார். வெளிப்படையாக ஆதரிக்குமாறு கேட்கப்பட்ட, தம் பெயரில் காலணிகள் விற்பனையாகிவந்த கூடைப்பந்து மாவீரர் ஜோர்டான் ஆதரிக்கவில்லை. குடியரசுக் கட்சியினரும் காலணி வாங்குகிறார்கள் என்று சொன்னார். அது தம் அணியின் பேருந்தில் விளையாட்டாகச் சொன்னது என்றும், கான்ட்டுக்கு நன்கொடை அனுப்பியதாகவும் பின்னாளில் விளக்கினார். கான்ட் தோற்றார். 2016 ஜூலையில் ஜோர்டான், இனி மௌனமாக இருக்க இயலாது என்று அறிவித்து, இரண்டு அமைப்புகளுக்குத் தலா 10 லட்சம் டாலர் அளித்தார். 2020இல், பத்தாண்டுகளில் 10 கோடி டாலர் தருவதாகவும் அறிவித்தார். இங்கே மௌனம் ஆதாயம் தந்தது, காலணி விற்றது. எனவே இந்தக் கடன் பெரிது. பணத்தால் அது தீருமா எனில், வாங்கியது பணம் அன்று. தேவைப்பட்ட நாளில் தேவைப்பட்டவருக்குக் கிடைக்காத ஒரு குரலே வாங்கப்பட்டது. அதற்குரிய நாணயம் ஒப்புக்கொள்ளுதல். 2020இல் வெளிவந்த ஆவணத்தொடரில், தம் ஆட்டத்திலேயே கவனமாயிருந்ததாகச் சொன்ன ஜோர்டான், அது தன்னலமா என்று தாமே கேட்டுக்கொண்டு, இருக்கலாம் என்றும் சொன்னார். பல கோடி டாலரைவிட அந்த அரைகுறை ஒப்புதலே கணக்கில் கூடுதலாக வரவு வைக்கத்தக்கது. ஏனெனில், காலங்கடந்த பேச்சில் மெய்யையும் பகட்டையும் பிரித்தறிய ஒரே சோதனைதான் உண்டு: பேசுபவர் பிறருடைய குற்றத்தை மட்டும் சொல்கிறாரா, தம் மௌனத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறாரா என்பது. கடன்பட்டதையே ஒப்பாமல் நீட்டும் பணம் கொடையாக வேடம் பூண்டது.

சீடன்: இவை யாவும் அயல்நாட்டுச் செய்திகள் அல்லவா?

குரு: 2017 ஆகஸ்டில், இந்திய அணியின் இலங்கைப் பயணத்தின்போது, சென்னை வீரர் அபினவ் முகுந்த், தம் தோலின் நிறத்தைச் சுட்டி வந்த ஏளனங்களைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். பத்து வயது முதல் ஆட்டத்துக்காக ஊர் ஊராகச் சென்றவர் அவர். பின்னர் 2021இல், பதினேழு வயதிலேயே டெஸ்ட் ஆடிய லட்சுமண் சிவராமகிருஷ்ணன், வாழ்நாள் முழுதும் நிறத்தால் தாம் இழிவுபடுத்தப்பட்டதாகவும், அது சொந்த நாட்டிலேயே நடந்ததாகவும் சொன்னார். ஒரே மக்களுக்குள் நிறத்தை வைத்து உயர்வு தாழ்வு காண்பதை நிறப்பாகுபாடு என்று பிரித்துச் சொல்வது நூல்வழக்கு. பட்டப்பெயரால் அழைக்கப்படும் பிள்ளைக்கு அந்தப் பிரிவினையால் ஆறுதல் இல்லை. தமிழ் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் அதைக் கேட்டுச் சிரித்தவர் அனைவரும் கடனாளிகளே.

சீடன்: கடைசியாக ஒன்று. கட்டினால் போதும் என்றால், எவ்வளவு காலம் தாழ்த்தினாலும் குற்றமில்லை என்று ஆகிவிடாதா?

குரு: கடன் கொடுத்தவர் காத்திருக்கும் வரைதான் அதை அவர் கையில் கொடுக்க முடியும். 1968 அக்டோபர் 16ஆம் நாள், மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தின் பரிசளிப்பு மேடையில், டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் என்னும் இரு கறுப்பின அமெரிக்கர்கள் கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தினர். அதற்காக அணியிலிருந்து நீக்கப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டனர். இரண்டாம் இடம் பெற்று அவர்களோடு நின்ற ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன், மனித உரிமைக்கான அவர்களுடைய இயக்கத்தின் சின்னத்தைத் தம் நெஞ்சில் அணிந்திருந்தார். பேச வேண்டிய நாளிலேயே பேசியவர் அவர். தாய்நாட்டில் அதற்குரிய மதிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. 2006 அக்டோபர் 3ஆம் நாள் அவர் இறந்தார். ஸ்மித்தும் கார்லோசும் ஆஸ்திரேலியாவுக்கு வந்து அவருடைய சவப்பெட்டியைத் தோளில் சுமந்தனர். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது 2012இல்.