படகுக்கு ஓர் இடம்

ஒரு பொருளை வாங்கும்போது நிறைய யோசிக்கிறோம். விலை பார்க்கிறோம், தரம் பார்க்கிறோம், தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறோம். வாங்கியதை எங்கே வைப்பது, எவ்வளவு காலம் வைப்பது, வைத்திருக்கும் உரிமை நமக்கு எதனால் வருகிறது என்றெல்லாம் யோசிப்பது குறைவு. சிறிய பொருட்கள் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிவிடுகின்றன. அலுமாரியில் எப்படியும் ஒரு மூலை அகப்பட்டுவிடும். ஐந்தரை மீற்றர் நீளமான பாய்மரக் கயாக் அப்படித் தப்ப முடியாது. அது கராஜுக்குள் வரவேண்டுமானால் கார் வெளியே போகவேண்டும்.

இந்த வகைப் படகைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருவர் முன்னும் பின்னுமாக அமரக்கூடிய கனத்த பிளாஸ்டிக் உடல். காலால் மிதித்து ஓட்டும் பொறி. நடுவே ஒரு பாய்மரம். கவிழாமல் இருக்க இரு பக்கமும் நீளும் மிதவைகள், கரைக்கு வந்ததும் அவற்றை மடித்து உடலோடு ஒட்டிவிடலாம். எல்லாம் பூட்டிய நிலையில் நூறு கிலோவைத் தாண்டும், ஒருவர் தூக்க முடியாது. குறூருட் பள்ளத்தாக்கில் உள்ள எங்கள் வீட்டுத் தொகுதியின் கராஜ்கள் அந்தக் காலத்துச் சிறிய கார்களுக்காகக் கட்டப்பட்டவை. உள்நீளம் ஆறு மீற்றருக்கும் சற்றுக் குறைவு. கூரை மரங்களை நம்பி நூறு கிலோவைத் தொங்கவிட எனக்குத் துணிவில்லை. ஆகவே படகு சக்கரத் தாங்கியில் சுவரோரம் நிற்கிறது, கார் பனியில் நிற்கிறது. மார்கழி, தை மாதக் காலைகளில் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் பத்து நிமிடங்கள்தான் அந்தப் படகுக்கு நான் கொடுக்கும் உண்மையான வாடகை. அது எந்த வங்கிக் கணக்கிலும் வராது.

இடம் கொடுத்தால் மட்டும் போதாது. இந்தப் பிளாஸ்டிக், அதாவது பொலிஎதிலீன், உக்காது, துருப்பிடிக்காது. ஆனால் பாரம் ஒரு புள்ளியில் நெடுநாள் தங்கினால் அந்த இடம் மெல்லக் குழிந்துவிடும். இரு முனைகளில் மட்டும் தாங்கினால் நடுப்பகுதி தொய்யும். ஒவ்வொரு முனையிலிருந்தும் ஏறத்தாழக் கால்வாசித் தூரத்தில், அகலமான, மெத்தென்ற தாங்கிகள் வேண்டும். கடல்நீரின் உப்பை நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். அடியிலுள்ள அடைப்பானைக் கழற்றி நீரை முழுதும் வடியவிடவேண்டும், உள்ளே தேங்கிய நீர் உறைந்தால் விரியும். மூடிகளைச் சிறிது திறந்து காற்றுப் புகவிடவேண்டும். பாய் நன்றாகக் காயாமல் சுருட்டப்பட்டால் சித்திரையில் விரிக்கும்போது பூஞ்சணப் புள்ளிகள்தான் மிஞ்சும். எதுவும் கேட்காத சடப்பொருள் என்று நினைத்தது இப்படி ஒரு பட்டியலே நீட்டுகிறது. வைத்திருப்பதும் ஒரு வேலைதான்.

என் மகள் கேட்கும் கேள்வி எளிமையானது. "ஏனப்பா, தேவையான நாளில வாடகைக்கு எடுத்தால் என்ன?" அவளிடம் கணக்கு இருக்கிறது. நல்ல கோடையில் படகு 8 நாட்கள் நீரில் இருக்கும். மிகுதி 357 நாட்களும் அது கராஜில். அவள் வளர்ந்த நாட்டில் பூவா என்ற பெயரில் விளையாட்டுப் பொருட்களை இலவசமாக இரவல் கொடுக்கும் நிலையங்கள் ஊர் ஊராக இருக்கின்றன. பள்ளிக்கூடப் பயணங்களுக்கான பனிச்சறுக்குப் பலகைகளை அவள் அங்கேதான் எடுத்தாள். அவற்றைச் சொந்தமாக்கவேண்டும் என்று அவளுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. சொந்தம் இல்லாமலே துய்க்கத் தெரிந்த தலைமுறை அது. நாங்கள் அப்படி வளரவில்லை.

அவளுடைய கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய வாதம் நிற்கிறது. 1689 இல் வெளிவந்த நூலொன்றில் ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் சொத்துரிமைக்கு ஓர் எல்லை வகுத்தார். இயற்கையிலிருந்து ஒருவர் எவ்வளவும் எடுக்கலாம், ஆனால் பழுதாகுமுன் பயன்படுத்தக்கூடிய அளவுக்குத்தான். அழுகும் பழத்தைக் குவித்து வைத்திருப்பவன் மற்றவனின் பங்கை எடுத்தவன் ஆகிறான். இந்த எல்லையை உடைத்தது பணம் என்பதையும் லொக்கே சொல்கிறார். பொன்னும் வெள்ளியும் அழுகா, ஆகவே எவ்வளவும் சேர்க்கலாம். என் படகும் அந்தப் பொன்னின் சாதிதான். அழுகாத பொருள் தன்னைப் பயன்படுத்தச் சொல்லி நம்மை நெருக்காது. மாம்பழம் நெருக்கும், மூன்றாம் நாள் அயலுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். திருக்குறளில் 'நன்றியில் செல்வம்' என்று ஓர் அதிகாரமே உண்டு, 101 ஆவது. பயன்படாமல் கிடக்கும் செல்வத்தைப் பற்றியது. இல்லாமையைப் பற்றி வருந்துவது எளிது, இருந்தும் பயன்படாமையை ஓர் ஒழுக்கக் குறையாகப் பார்ப்பதற்கு வேறொரு கண் வேண்டும்.

நம்முடைய கரைகளில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. காரணம் கட்டுமரம் பழுதாகக்கூடிய பொருள். மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். ஆகவே கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்து மணலில் காயவிடுவார்கள். அடுத்த முறை கடலுக்குப் போகுமுன் மீண்டும் சேர்த்துக் கட்டுவார்கள். அங்கே ஒரு படகைப் பாதுகாப்பதென்றால் அதைப் படகாக இல்லாமல் செய்வதுதான். கராஜ் என்று ஒன்று இல்லை, கடற்கரையே கராஜ். பாயும் துடுப்பும் வலையும் வாடிக்குள் போகும்.

பழுதாகாத படகு அந்தக் கரைக்கு வந்த கதையில் நோர்வேக்கும் பங்கு உண்டு. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956 இல் இந்த நாட்டுக்கு வந்தார். இங்கு வந்த முதல் தமிழர் என்று நம்மவர்கள் அவரை நினைவுகூர்கிறார்கள். 1960களில் அவரும் நோர்வே நண்பர்களும் தொடங்கிய சீநோர் நிறுவனம் குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் காரைநகரில் படகுத் தொழிற்சாலையையும் நடத்தியது. காரைநகரில் செய்யப்பட்ட பைபர் படகுகளும் உக்காதவைதான். ஆனால் அவை கடலுக்குப் போகும் வீட்டுக்கு அன்றன்றைய சோறு. வாரக் கணக்கில் கரையில் கிடந்தால் அது அந்தக் குடும்பத்தின் துயரம். பொருள் ஒன்றுதான், அதற்கும் கைக்கும் உள்ள தூரம் மாறும்போது அறமும் மாறுகிறது.

படகுக்கு இடம் என்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை மயிலிட்டிக்காரரைவிட வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. 1990 இல் இடம்பெயர்ந்தவர்களின் துறைமுகம் 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. அந்த 27 ஆண்டுகள் அவர்களில் தொழிலை விடாதவர்கள் படகை ஏற்றியதெல்லாம் இன்னொருவரின் கரையில். கடல் இருந்தது, தொழில் தெரிந்த கைகளும் இருந்தன, இழுத்து ஏற்றச் சொந்த மணல் இருக்கவில்லை.

நோர்வேஜியர்கள் படகை வைத்திருப்பதில் இரண்டு வழிகளைக் கண்டவர்கள். முதலாவது நௌஸ்ட், நீரோரத்தில் கட்டப்படும் படகுக் கொட்டில். மத்திய காலத்தில் கரையோர மாவட்டங்கள் மன்னனின் அழைப்புக்காகப் போர்க்கப்பலைப் பராமரித்து வைக்கும் கடமை கொண்டிருந்தன. கப்பல் நௌஸ்ட்டில் இருந்தது, அழைப்பு வந்தால் நீரில் இறங்கவேண்டும். இரண்டாவது வழியை ஒஸ்லோவின் பிக்டோய் தீபகற்பத்தில் காணலாம். 834 இல் புதைக்கப்பட்டு 1904 இல் தோண்டியெடுக்கப்பட்ட ஊசபர்க் கப்பல், துருவப் பயணங்கள் சென்ற பிராம், 1947 இல் பசிபிக்கைக் கடந்த கொன்-ரிக்கி மிதவை எல்லாம் அங்கே கூரைக்குக் கீழே நிற்கின்றன. அவை இனிக் கடலுக்குப் போகா. அதற்காகவே அவற்றுக்கு வீடு கட்டினார்கள். அப்படிக் காப்பதும் இலேசல்ல. ஊசபர்க் புதையலின் மரப்பொருட்கள் பலவற்றைக் காப்பதற்கென்று அன்று படிகாரத்தில் ஊறவைத்தார்கள், அதுவே இன்று அவற்றை உள்ளிருந்து அரிக்கிறது.

நௌஸ்ட் பயனுக்காக வைத்திருப்பது. அருங்காட்சியகம் நினைவுக்காக வைத்திருப்பது. இரண்டும் நேர்மையானவை, ஏனென்றால் தாங்கள் என்ன என்பது அவற்றுக்குத் தெரியும். நம்முடைய கராஜ்களில் இருப்பது மூன்றாவது வகை. 'பிறகு' என்பதற்காக வைத்திருப்பது. பிறகு நேரம் கிடைக்கும்போது, பிள்ளைகள் வளர்ந்தபிறகு, ஓய்வு பெற்றபிறகு. தையல் மெசின், ஹார்மோனியம், ஊரில் வீடு கட்டும்போது கொண்டுபோக வாங்கிய குழாய்ச் சாமான்கள், இரண்டு அண்டா, சக்கரம் உடைந்த சூட்கேஸ். அவை பயனும் இல்லை, நினைவும் இல்லை. இன்னும் ஆகாத ஒரு மனிதருக்காக நாம் எடுத்து வைத்திருப்பவை அவை.

இதைக் கண்டு சிரிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். எல்லாவற்றையும் வீசிவிட்டு வெறும் அறையில் வாழச் சொல்லும் புத்தகங்கள், எதையும் எப்போதும் திரும்ப வாங்கக்கூடியவர்களுக்காக எழுதப்பட்டவை. ஒரு பையோடு வீட்டைவிட்டு வெளியேறியவர்களுக்கு, பெட்டகத்தைத் திறந்தபடியே விட்டு ஓடியவர்களுக்கு, வைத்திருத்தல் பேராசையல்ல. இனி எதையும் விட்டுவிட்டு ஓடவேண்டியதில்லை என்று உடம்புக்குச் சொல்லும் வழி அது. என் மகளின் கணக்கில் இந்த வரி இல்லை. வாடகைப் படகு பயனைத் தரும். ஆனால் ஐப்பசியில் பாயைக் கழுவிக் காயவைக்கும்போது வரப்போகும் கோடைமீது பிறக்கும் நம்பிக்கையை அது தராது. நம்பிக்கைக்கும் சதுரமீற்றர் தேவைப்படுகிறது.

ஆனால் அந்தச் சதுரமீற்றர் யாரிடமிருந்து வருகிறது? இங்கேதான் கேள்வி கூர்மையாகிறது. 1957 ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்வுச் சட்டம் கடலில் செல்லும் உரிமையை எல்லோருக்கும் உறுதிசெய்கிறது. ஒஸ்லோ பியோர்ட் குறூருட் மாடிவீட்டுப் பிள்ளைக்கும் கரையோர மாளிகைக்காரருக்கும் சட்டப்படி ஒன்றே. ஆயினும் கடலுக்குப் போகப் படகு வேண்டும், படகை வைக்க இடம் வேண்டும். எல்லோருக்கும் பொதுவான நீர், கராஜ் கதவில் வந்து தனிச்சொத்தாகிவிடுகிறது. நான் 357 நாட்கள் பூட்டி வைத்திருப்பது ஒரு பிளாஸ்டிக் உடலை மட்டுமல்ல, கராஜ் இல்லாத இன்னொருவர் கடலுக்குப் போகக்கூடிய வழியையும்தான். லொக்கின் பழம் அழுகவில்லை என்பது உண்மை. அழுகுவது அந்த நாட்கள்.

என் தொழில் கணினித் துறை. எங்களிடம் ஒரு பழைய விதி உண்டு: மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப், பேக்கப் அல்ல. ஒரு நிறுவனம் பத்து ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் தரவுகளைப் படியெடுத்து வைத்திருக்கலாம். ஒரு முறைகூட அதைத் திரும்ப ஏற்றிப் பார்க்கவில்லையென்றால், அவர்களிடம் இருப்பது பாதுகாப்பல்ல, பாதுகாப்பு இருக்கிறது என்ற எண்ணம். சேமிப்பு மலிவாக ஆக, அந்த எண்ணமும் மலிவாகிறது.

இதையே கராஜுக்கும் அளவுகோலாக வைக்கிறேன். பொருள் எவ்வளவு பெரியது, எத்தனை நாள் பயன்படுகிறது என்பவை முதற்கேள்விகள் அல்ல. அது வெளியே வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதே முதற்கேள்வி. கதவைத் திறந்ததும் இருவர் சேர்ந்து படகைத் தள்ளிக்கொண்டு வெளியே வரலாம் என்றால் அது நௌஸ்ட். குளிர்கால ரயர்கள், சைக்கிள்கள், மூன்று பெட்டிகள், பழைய மெத்தை எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுக்கவேண்டும் என்றால், வாசலில் பலகை மாட்டாத அருங்காட்சியகம் அது. படகுக்குக் கொடுக்கவேண்டிய இடம் அதன் நீள அகலம் மட்டுமல்ல, கதவுவரை உள்ள வழியும் சேர்ந்தது.

இரண்டாவது கேள்வி: அதை வெளியே எடுக்க என்னைத் தவிர யாருக்கு முடியும்? எங்கள் தொகுதியில் இரண்டு குடும்பங்களுக்குக் கராஜ் திறப்பு இருக்கும் இடம் தெரியும். இரவல் கொடுப்பதில் அச்சம் இல்லாமல் இல்லை. கடல் சைக்கிள் பாதை அல்ல, கோடையிலும் பியோர்டின் நீர் ஆளை விறைக்கவைக்கும். ஆகவே விதிகள் இருக்கின்றன. போகிறவர்களில் ஒருவராவது நோர்வே கயாக் சம்மேளனத்தின் 16 மணிநேர அடிப்படைப் பயிற்சியை முடித்திருக்கவேண்டும். எட்டு மீற்றருக்குக் குறைந்த படகில் மிதவை அங்கி 2015 முதல் சட்டப்படியே கட்டாயம். திரும்பி வந்ததும் கழுவி, வடியவிட்டு, பாயைக் காயவைக்கவேண்டும். பராமரிப்பையும் சேர்த்து இரவல் கொடுக்கும்போதுதான் பொருள் கைமாறுகிறது. இல்லையென்றால் உரிமையாளர் கொடையாளியாகவும் மற்றவர் விருந்தாளியாகவும் நின்றுவிடுகிறார்கள்.

இவை இரண்டும் இயலாமற்போகும் ஆண்டு எல்லோருக்கும் வரும். முழங்கால் இடம் கொடுக்காது, பிள்ளைகள் வேறு நகரத்தில் இருப்பார்கள். அன்றைக்கு 'பிறகு' என்ற சொல்லுக்கு ஒரு திகதி வேண்டும். எங்கள் வீட்டில் தொடர்ந்து இரண்டு கோடைகள் என்று வைத்திருக்கிறோம். இரண்டு கோடைகள் நீரைத் தொடாத படகு அதைத் தொடக்கூடிய ஒருவரிடம் போகும். அப்படிக் கொடுத்துவிடுவதால் படகுக்குத் துரோகம் செய்ததாகாது. கராஜிலேயே விட்டு ஒரு புள்ளியில் குழிய வைப்பதுதான் துரோகத்துக்குக் கிட்ட வருகிறது.

கட்டுமரக்காரருக்குப் பொருள் தானாகவே இந்த ஒழுக்கத்தைக் கற்பித்தது. மரம் நீரைக் குடித்ததால் அவர்கள் கரைக்கு வந்ததும் அவிழ்த்தார்கள். அவிழ்த்ததால், போகுமுன் மீண்டும் கட்டுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தார்கள். நம்முடைய பொருட்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. உக்காத உடலும் மலிவான இடமும் சேர்ந்து அதை நமக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே கேட்கவேண்டியது நாம்தான், ஆண்டுக்கு ஒருமுறையாவது, சித்திரையில் பனி உருகிக் கராஜ் கதவு இலகுவாகத் திறக்கும் நாட்களில்.