நான் ஒருத்தனே செய்தேனா?



இந்த மாதம் ஒரு வைக்கோல் மிஷினைக் குறித்து எழுதும்படி கர்த்தர் என்னை ஏவினார். சிரிக்காதீர்கள். பிலேயாமோடு கழுதையைக் கொண்டு பேசினவர், என்னோடு ஒரு பழைய பேலரைக் கொண்டு பேசினார். என் வெட்கத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாங்கள் ஒரத்தநாடு பக்கத்து விவசாயக் குடும்பம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலம் கஜா புயல் அடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரே ராத்திரியில் எங்கள் தென்னந்தோப்பு படுத்துவிட்டது. எங்க அப்பா வைத்த மரங்கள். விழுந்து கிடந்த மரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு, "ஆண்டவரே, உமக்குத் தசமபாகம் கொடுத்த தோப்புதானே, இதையா எடுத்துக்கொண்டீர்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை.

அடுத்த வருஷம் நானும் என் தம்பியும் ஆளுக்குப் பாதி கடன் வாங்கி, பழைய பேலர் ஒன்று வாங்கினோம். இப்போது அறுவடையை மிஷின்தான் செய்கிறது. அது வயலில் வரிசையாக விட்டுப்போகும் வைக்கோலை, டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய பேலர் வாரி, உள்ளே உருளைகளுக்கு நடுவே சுருட்டி, சணல் சுற்றி, பாய் சுருட்டின மாதிரி ஒரு கட்டாகப் பின்னால் தள்ளிவிடும். பெரிய உருளைக் கட்டு கட்டும் மிஷினை 1971-இல் அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் கேரி வெர்மீர் என்பவர் உண்டாக்கினார். கூலி ஆள் கிடைக்காத விவசாயி ஒரே ஆளாக வைக்கோல் வேலையை முடிக்கவேண்டும் என்பதே அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரே ஆள் என்கிற அந்த வார்த்தைக்குள்ளே என்னைப் போன்றவனுக்கு ஒரு கண்ணி இருந்தது.

2020 மாசி மாதம். கட்டு எண்ணின கணக்கில் எனக்கும் தம்பிக்கும் வாக்குவாதம். "நீ எடுத்துக்கிட்ட" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசாமல் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். நானோ, "போகட்டும், என் ஒருத்தனால முடியாதா?" என்று கிளம்பிவிட்டேன்.

டிராக்டரிலிருந்து பேலருக்குச் சக்தி போகிற தண்டில் ஒரு சின்ன போல்ட் உண்டு. ஷியர் போல்ட் என்பார்கள். உள்ளே ஏதாவது சிக்கினால் முதலில் இந்தப் போல்ட் அறுந்துபோகும். சக்தி நின்றுவிடும், மிஷின் பிழைக்கும். அறுந்துபோவதற்கென்றே வைத்த போல்ட் அது. அன்று காலையில் அது அறுந்தது. மாற்றினேன். திரும்ப அறுந்தது. மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. டூல்ஸ் பெட்டியில் கிடந்த ஹைடென்சில் போல்ட்டை எடுத்து முடுக்கிவிட்டேன். "இப்ப அறு பார்ப்போம்!"

அது அறவில்லை. அரை மணி நேரத்தில் செயின் அறுந்தது. இறங்கிப் பார்த்தால், ஒரு உருளையின் பேரிங் வெந்து உடைந்து, குண்டுகள் தரையில் கிடந்தன. பனி ஈரத்தோடு இருந்த வைக்கோல் தண்டில் சுற்றிச் சுற்றி, பேரிங்குக்குள் நுழைந்து, கிரீஸையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. சின்னப் போல்ட் மூன்று முறை எனக்குச் சொன்ன செய்தி அதுதான்.

தேவ பிள்ளையே, உன் மனசாட்சியும் அப்படிப்பட்ட ஒரு போல்ட்தான். கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னவுடனே உள்ளே ஏதோ அறுகிறதே, ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வரமாட்டேன் என்கிறதே, அது பலவீனம் அல்ல. அது உன்னைப் பிழைக்க வைக்கக் கர்த்தர் வைத்தது. அதை எடுத்துப்போட்டு இரும்பு மனசை முடுக்கிக்கொள்ளாதே. போல்ட் உறுதியானால் உடைவு நிற்காது. இன்னும் உள்ளே, இன்னும் விலையுள்ள இடத்தில் போய் உடையும்.

பட்டுக்கோட்டைக்குப் போய் பேரிங்கும் செயினும் வாங்கி வந்தேன். சாயங்காலம் தனியாக வேலையைத் தொடங்கினேன். டிராக்டரை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டேன். அந்தத் தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றுவது, அதாவது ஒரு விநாடிக்கு 9 சுற்று. வேட்டி முனை பட்டால், அப்பா என்று கூப்பிட நேரம் இருக்காது. அந்த ஒரு புத்தி இருந்தது. சுற்றியிருந்த வைக்கோலை அரிவாளால் அறுத்து எடுத்தேன். துருப்பிடித்த ஸ்க்ரூவுக்கு டீசல் ஊற்றி ஊற வைத்தேன்.

பேரிங்கைக் கழற்றினால் உருளையின் அந்த முனை கீழே இறங்கிவிடும். உள்ளே ஒருவர் தாங்கிப் பிடிக்க, வெளியே ஒருவர் போல்ட் மாட்டவேண்டும். இரண்டு ஆள் வேலை. ஆனால் எனக்குத்தான் ஆள் வேண்டாமே! பின்கதவைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே நுழைந்து, உருளையைக் கயிற்றால் மேலே சட்டத்தோடு கட்டித் தொங்கவிடப் போனேன். அந்தக் கதவைத் தாங்கி நிற்பது ஹைட்ராலிக் ஆயில் மட்டும்தான். கதவு இறங்காமல் பூட்டி வைக்கிற பின் எப்போதோ தொலைந்துபோயிருந்தது.

என் மனைவி டீ கொண்டுவந்தாள். கதவைப் பார்த்தாள். "என்னங்க, இதுக்குக் கீழ ஒரு கட்டை வைக்கட்டுமா?"

"ஒண்ணும் ஆகாது, போ. எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அவள் போகவில்லை. வேலி ஓரமாகக் கிடந்த ஒரு தென்னங்கட்டையை உருட்டி வந்து, மூச்சு வாங்க நிமிர்த்தி, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே முட்டுக் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

இருட்டிவிட்டது. டார்ச் லைட்டைத் தோளில் இடுக்கிக்கொண்டு கயிற்றை முடிந்துகொண்டிருந்தேன். டப் என்று ஒரு சத்தம். ஹோஸ் வெடித்து ஆயில் என் முதுகில் சூடாக அடித்தது. கதவு இறங்கியது. "இயேசுவே!" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. ஒரு பெரிய அதிர்ச்சியோடு கதவு நின்றது. தென்னங்கட்டை அரை அங்குலம் நசுங்கியிருந்தது. அதன்மேல் நின்றது.

வெளியே தவழ்ந்து வந்து அந்தக் கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். அது கஜாவில் விழுந்த மரம். எதைக் குறித்து நான் கர்த்தரிடத்தில் முறுமுறுத்தேனோ, அதன் துண்டுதான் என் முதுகெலும்பைக் காத்தது. அல்லேலூயா!

அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? மறுநாள் வேலையை முடித்தேன். செயினின் இரண்டு நுனியையும் பல்சக்கரத்தின்மேல் சேர்த்து வைத்து லாக் போட்டேன். கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையில் இருக்கும்படி பார்த்து மாட்டினேன். ஹோஸ் மாற்றினேன். மிஷின் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து, "தனி ஆளா நின்னு மிஷினை ரிப்பேர் பண்ணக் கர்த்தர் பெலன் தந்தார், ஸ்தோத்திரம்" என்று சாட்சி சொன்னேன். சபையார் கைதட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் என் மனைவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று ராத்திரி 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம் வாசித்தேன். எலியா, தான் ஒருவனே மிச்சம் என்று கர்த்தரிடத்தில் முறையிடுகிறான். அதே அதிகாரத்தில்தான் தூதன் அவனுக்கு அடையும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போயிருந்தான். பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7000 பேரை அவன் அறியாமலே கர்த்தர் வைத்திருந்தார். ஆவியானவர் என் உள்ளத்தில் கேட்டார்: மகனே, நீ ஒருத்தனேவா செய்தாய்? அந்தக் கட்டையை வைத்தது யார்? அந்த மரத்தை நட்டது யார்?

என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். இருபது வருஷத்தில் முதல் தடவை. பிறகு மத்தேயு 5-ஆம் அதிகாரம் என்னைத் தூங்கவிடவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தண்டை விட்டுவிட்டு முதலில் சகோதரனிடத்தில் போ என்கிறாரே! ராத்திரி பத்து மணிக்குத் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினேன். நடந்ததைச் சொன்னேன். "நான் சொன்ன வார்த்தை தப்புடா" என்றேன். அவன் கணக்கைப் பற்றிக் கேட்கவேயில்லை. முகம் வெளுத்துப்போய், "கட்டை வெச்சிருந்தியா அண்ணே?" என்று அதைத்தான் கேட்டான். மறுநாள் விடியுமுன்னே ஒரு புதுப் பின் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். இரண்டு பேரும் சேர்ந்து மாட்டினோம். ஹைடென்சில் போல்ட்டைக் கழற்றிக் குளத்தில் எறிந்தோம்.

பிரியமானவர்களே, தனியாக உழைப்பது பாவம் அல்ல. விதவையாய் வயலில் நிற்கிற சகோதரி உண்டு, பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட தகப்பன் உண்டு. அவர்களோடு கர்த்தர் இருக்கிறார். ஆனால் பக்கத்தில் கை இருந்தும் பெருமையினால் தனியாக நிற்கிறாயே, உன்னைத்தான் கேட்கிறேன். சபையில் யாரோடு பேசாமல் இருக்கிறாய்? உனக்குத் தெரியாமல் உன் தலைக்குமேல் கட்டை வைத்தவர் யார்? அவரிடத்தில் இந்த வாரமே போ. ஹோஸ் வெடிக்கும் மட்டும் காத்திராதே.

ஜெபிப்போமா? அன்புள்ள ஆண்டவரே, நான் நான் என்று சொன்ன என் நாவை மன்னியும். அறுகிற மனசாட்சியை எனக்குத் திரும்பத் தாரும். நான் வேண்டாமென்று தள்ளின கைகளை மறுபடியும் பிடித்துக்கொள்ளக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.